பீரங்கிக்கு வைத்த பொட்டு

வீட்டைப் பார்க்க வந்த அன்றைக்கே தென்றலுக்கு எல்லாம் பிடித்துப் போயிற்று. கிழக்குப் பார்த்த வாசல், அக்கினி மூலையில் அடுப்பு, வேலை பார்க்கத் தனியாக ஓர் அறை. மகள் ரக்ஷாவின் ஸ்கூல் பஸ் தெருமுனையிலேயே நிற்கும். மான்மவுத் ஜங்ஷன் என்கிற இந்த அமெரிக்க ஊரில் இந்த விலைக்கு இப்படி ஒரு வீடு குதிரைக்கொம்பு என்று தரகர் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கணவன் மணியன் காரில் வரும்போதே அதைப் பத்துத் தடவை சொல்லிவிட்டிருந்தான்.

எல்லா அறையும் பார்த்து முடித்து வாசலுக்கு வந்தபோதுதான் அவள் நிமிர்ந்து எதிரே பார்த்தாள்.

தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பூங்கா. நாலைந்து மேப்பிள் மரம், இரண்டு பெஞ்சு, ஒரு கொடிக்கம்பம். நடுவில் கான்கிரீட் மேடை. மேடைமேல் ஒரு பீரங்கி. கோட்டை வாசலில் நிற்கிற பழைய பீரங்கி இல்லை, முதல் உலகப் போரில் பிரான்சில் சுட்ட ஹவிட்சர் என்று அடியில் பித்தளைப் பலகை சொன்னது. இரும்புப் பட்டை போட்ட இரண்டு பெரிய மரச் சக்கரங்கள், பின்னால் தரையில் ஊன்றிய நீள வால், முன்னால் குட்டையாக, தடியாக, கொஞ்சம் மேலே தூக்கிய குழாய். அதன் வாய் ஒரு தேங்காய் உள்ளே போகிற அகலம். வாயை இரும்புத் தட்டு வைத்து வெல்டிங் பண்ணி அடைத்திருந்தார்கள்.

அடைத்த அந்த வாய் நேரே இந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பார்க் வியூ" என்றார் தரகர்.

"ஏங்க, அது நம்மளயே பாக்குது" என்றாள் தென்றல் மெதுவாக.

"நூறு வருஷமா பாத்துட்டுத்தான் இருக்குது. யாரையும் ஒண்ணும் பண்ணல. நமக்காக புதுசா ஆரம்பிக்கப் போகுதா" என்றான் மணியன்.

ஆகஸ்டில் பால் காய்ச்சிக் குடி வந்தார்கள்.

மென்பொருளில் குறை கண்டுபிடிப்பது தென்றலின் தொழில். வீட்டிலும் அவள் அதையேதான் செய்கிறாள் என்பது மணியனின் புகார். ஆனால் இந்தக் குறையை அவள் தேடிப் போகவில்லை, அது தினமும் அவளைத் தேடி வந்தது. காலையில் சூரியன் பூங்காவுக்குப் பின்னாலிருந்து எழும்போது குழாயின் நிழல் தெருவைத் தாண்டி, புல்லைத் தாண்டி, வாசல்படியில் வந்து படுத்திருக்கும். கதவைத் திறந்து அவள் முதலில் மிதிப்பது அதைத்தான். பூங்கா ஆபீசுக்குப் போன் போட்டுக் கொஞ்சம் திருப்பி வைக்க முடியுமா என்று கேட்டாள். சக்கரம் பாதி மேடைக்குள் புதைந்திருக்கிறது, கான்கிரீட்டை உடைத்தால்தான் அசையும் என்று அங்கிருந்த அம்மாள் மரியாதையாகச் சொன்னாள்.

கடைசியில் பக்கத்து ஊரான எடிசனிலிருக்கும் அனந்தலக்ஷ்மி ஆன்ட்டியிடம் கேட்டாள். வாஸ்து விஷயத்தில் அந்த வட்டாரத்தில் ஆன்ட்டி சொன்னால் சொன்னதுதான். தெரு வந்து நேராக முட்டுகிற வீட்டுக்கே தெருக்குத்து என்று ஆயிரம் யோசிக்கிறோம், பீரங்கி பார்க்கிற வீட்டை எப்படி வாங்கினாய் என்று முதலில் திட்டினாள். அப்புறம் இறங்கி வந்தாள்.

"வாங்கினது வாங்கியாச்சு. ஆயுத பூஜை வருதோல்லியோ, அன்னிக்கு அதுக்கும் ஒரு பொட்டு வச்சுக் கும்பிட்டுடு. அதுவும் ஆயுதந்தானே. கும்பிட்டவாளை அது ஒண்ணும் பண்ணாது."

மணியன் விழுந்து விழுந்து சிரித்தான். தென்றலுக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் அவள் இரண்டு எலுமிச்சம்பழம் கூடுதலாகவே வாங்கி வைத்தாள்.

பக்கத்து வீட்டு எலிசா மார்த்தாண்டத்துக்காரி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் கணவன் ஷைன் வாரத்தில் நாலு நாள் டாலஸில் கிடக்கிறவன். அவர்கள் மகள் ஜோவானாவும் ரக்ஷாவும் ஒரே வகுப்பு, இரண்டும் ஏழு வயது. பஸ்ஸைவிட்டு இறங்கினால் இரண்டு பிள்ளைகளும் தென்றல் வீட்டுக்குத்தான் வரும், எலிசா ஷிஃப்ட் முடிந்து வந்து மகளைக் கூட்டிப் போவாள். ரக்ஷா தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற ரகம். ஜோவானா சர்ச் தமிழ் வகுப்பில் பரிசு வாங்கியவள். தமிழில்தான் பேசுவாள், அதில் அவளுக்கு ஒரு கெத்து.

புதன்கிழமை ஆயுத பூஜை. லேப்டாப், மிக்ஸி, புல் வெட்டும் மெஷின், பாடப் புத்தகம் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, கார் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. சாயங்காலம் வெயில் இறங்கும்போது தென்றல் தட்டை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். ரக்ஷாவை மணியன் ஜிம்னாஸ்டிக்ஸுக்குக் கூட்டிப் போயிருந்தான். கூட வந்தது ஜோவானா மட்டும்தான். எலுமிச்சம்பழக் கிண்ணம் அவள் கையில்.

"அக்கா, பீரங்கிக்கும் சுண்டல் உண்டா?" என்று எலிசா தன் வாசலில் நின்று கேட்டுச் சிரித்தாள்.

அடைத்த வாயின்மேல் சந்தனத்தைக் குழைத்துப் பூசி நடுவில் பெரிதாகக் குங்குமம் வைத்தாள் தென்றல். வெயிலில் கிடந்த இரும்பு ஜில்லென்று இருந்தது. இரண்டு சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வொரு பழம். கற்பூரம் ஏற்றிக் காட்டிக் கண்ணை மூடினாள்.

"எங்க வீட்டைப் பாக்காத. வேற எங்கயாவது பாத்துக்க."

இப்படித்தான் வேண்டினாள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நமக்கு வர வேண்டாம் என்று கேட்கும்போது அது யாருக்குப் போகும் என்று யார் யோசிக்கிறார்கள்?

கண்ணைத் திறந்தபோது காற்றே இல்லை. கற்பூரச் சுடர் மட்டும் குழாய்ப் பக்கமாகப் படிந்து நீண்டிருந்தது, உள்ளே யாரோ மூச்சை இழுக்கிற மாதிரி.

"ஆன்ட்டி, பூஜையில வச்சத அப்புறம் யூஸ் பண்ணணுமா?" என்று கேட்டாள் ஜோவானா.

"இன்னைக்கு எதையும் தொடக்கூடாது கண்ணு. நாளைக்கு விஜயதசமி. வச்சதை எல்லாம் எடுத்துக் கொஞ்சமாச்சும் யூஸ் பண்ணணும். அப்பத்தான் நல்லா வேலை செய்யும்."

ஜோவானா பீரங்கியைத் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் காலை தென்றல் வாசல் கதவைத் திறந்தாள். வாசல்படி முழுக்க வெயில்.

நிழல் இல்லை.

ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் கண் தானாகப் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. எலிசா வீட்டுப் படியில், அவள் பூந்தொட்டிக்கும் கதவுக்கும் நடுவில், அந்தத் தடித்த நிழல் படுத்திருந்தது.

தென்றல் செருப்பில்லாமல் தெருவைக் கடந்தாள். பீரங்கி எலிசா வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேடையில் விரிசல் இல்லை. சக்கரத்தைச் சுற்றி கான்கிரீட் அப்படியே இருந்தது, ஓரத்தில் நூறு வருஷத்துப் பாசி. எலுமிச்சம்பழங்கள் மட்டும் இரண்டும் சப்பையாக, தோல் வேறு கொட்டை வேறாக நசுங்கிக் கிடந்தன. தீபாவளி மறுநாள் காலையில் தெருவில் அடிக்கிற அந்தக் கருகல் வாசம் அங்கே நின்றிருந்தது.

"அது எப்பவும் எலிசா வீட்டப் பாத்துத்தானே இருந்துச்சு" என்றான் மணியன், பல் விளக்கிக்கொண்டே.

"ஏங்க, விளையாடாதீங்க. அதுக்காகத்தானே நான் அனந்தலக்ஷ்மி ஆன்ட்டி கிட்ட..."

"நீ எதுக்குக் கேட்டேன்னு எனக்கு இப்பவும் புரியல."

அவன் விளையாடவில்லை. தென்றல் போனை எடுத்துப் பால் காய்ச்சிய அன்றைய படத்தைத் தேடினாள். வாசலில் அவர்கள் மூவர், பின்னால் கண்ணாடிக் கதவில் பூங்காவின் பிம்பம். பீரங்கி எலிசா வீட்டைப் பார்த்து நின்றது. வீடு விற்பனைக்கு வந்தபோது இணையத்தில் போட்டிருந்த படத்திலும் அப்படியே. தனக்குத்தான் மூளை குழம்பிவிட்டது என்று முடிவு கட்டி, லேப்டாப்பில் இருந்த குங்குமத்தைத் துடைத்துவிட்டு வேலையில் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பிள்ளைகள் சமையலறையில் பால் குடித்துக்கொண்டிருந்தார்கள். நாலு பத்துக்கு ஜோவானா டம்ளரைக் கீழே வைத்தாள். இரண்டு உள்ளங்கையாலும் காதை இறுக்கப் பொத்தினாள். வாயை முடிந்த மட்டும் அகலத் திறந்தாள்.

"வாட் ஆர் யூ டூயிங்?" என்று ரக்ஷா சிரித்தாள்.

சத்தம் எதுவும் வரவில்லை. தென்றலின் உள்ளங்காலில் மட்டும் தரை ஒரு தடவை எகிறி அடங்கியது. அப்புறம் பின்பக்கமிருந்து மரம் முறிகிற நீண்ட ஓசை. எலிசா வீட்டுக்குப் பின்னால், வேலிக்கு அப்பால் இருந்த பைன் மரம் சாய்ந்து கிடந்தது. வேர் இருந்த இடத்தில் ஆள் உயரப் பள்ளம்.

வெள்ளிக்கிழமை நாலு பத்துக்கு எலிசா வீட்டுக்கு முன்னால், தெரு ஓரத்தில் நடைபாதை உள்வாங்கியது. தண்ணீர்க் குழாய் வெடித்திருக்கும் என்று வந்து பார்த்த ஆள்கள் சொன்னார்கள். தோண்டிப் பார்த்தால் குழாய் நன்றாக இருந்தது.

சனிக்கிழமை இரண்டு பிள்ளைகளும் எலிசாவின் கொல்லையில் டிராம்போலினில் குதித்துக்கொண்டிருந்தார்கள். தென்றல் வேலி ஓரத்தில் எலிசாவோடு பேசிக்கொண்டு நின்றாள். ஜோவானா திடீரென்று குதிப்பதை நிறுத்தி, ரக்ஷாவின் கையைப் பிடித்துத் தரதரவென்று வீட்டுக்குள் இழுத்துப் போனாள். போன கையோடு டிராம்போலினின் நடுவலை கிழிந்து கீழே ஒரு குழி விழுந்தது. மண் தெறித்து இரண்டு பெண்களின் முகத்திலும் அடித்தது. மண் சுட்டது.

"வெடி எதும் புதைஞ்சு கெடக்கோ?" என்றாள் எலிசா.

தென்றல் பிள்ளைகளிடம் போனாள். ரக்ஷா அழுதுகொண்டிருந்தாள். ஜோவானா அழவில்லை.

"உனக்கு எப்படித் தெரிஞ்சது கண்ணு?"

"அந்த அங்கிள் எண்ணுனாரு ஆன்ட்டி. எண்ணி முடிக்கும்போ காதப் பொத்தணும், வாயத் தொறக்கணும். இல்லைன்னா காது போயிரும்னு சொல்லித் தந்தாரு."

"எந்த அங்கிள்?"

"பூஜை அன்னிக்கு நம்ம பின்னாடி நின்னாருல்லா."

அன்றைக்கு அவர்கள் பின்னால் யாரும் நிற்கவில்லை.

ஜோவானா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அது முன்னாடி ஒங்க வீட்டைத்தான் பாத்துட்டு இருந்துச்சு, இல்ல ஆன்ட்டி? எனக்கு ஞாபகம் இருக்கு. அம்மா இல்லைங்கறாங்க."

ஞாயிற்றுக்கிழமை எலிசாவும் ஷைனும் மகளோடு சர்ச்சுக்குப் போய், அப்படியே நண்பர் வீட்டில் சாப்பிட்டு அந்தி சாய்ந்துதான் வந்தார்கள். நாலு பத்துக்குத் தென்றல் ஜன்னலிலேயே நின்றாள். காலியாகக் கிடந்த அவர்கள் டிரைவ்வே நடுவில் தார் பிளந்து, உள்ளிருந்து மெல்லிதாகப் புகை வந்தது.

அவள் ஒரு தாளை எடுத்து எலிசா வீட்டைச் சதுரமாகப் போட்டாள். பீரங்கியிலிருந்து ஒரு கோடு இழுத்தாள். முதல் நாள் வீட்டைத் தாண்டி வெகு தூரம். இரண்டாம் நாள் வீட்டுக்கு முன்னால் வெகு தூரம். மூன்றாம் நாள் தாண்டி, ஆனால் பாதி தூரம். நாலாம் நாள் முன்னால், பாதி தூரம்.

இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு யாரும் வேண்டியிருக்கவில்லை. பத்து வருஷமாக அவள் செய்கிற வேலையே இதுதான். எந்த இடத்தில் குறை இருக்கிறது என்று தெரியாதபோது ஒரு தடவை தாண்டிப் பார்ப்பார்கள், ஒரு தடவை முன்னால் பார்ப்பார்கள், பாதி, பாதியில் பாதி என்று வெட்டிக்கொண்டே வருவார்கள். அவசரமே படாமல், நிச்சயமாகப் போய்ச் சேருகிற வழி அது.

நாளைக்கு வீடு.

மணியன் தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "ரெண்டு நாள் லீவு போடு தென்றல்" என்றான். அன்பாகத்தான் சொன்னான், அதுதான் அவளுக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

அவள் எலிசாவிடம் போனாள். ஷைன் டாலஸ் விமானத்துக்குக் கிளம்பிவிட்டிருந்தான். எலிசா சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தென்றல் ஒன்று விடாமல் சொன்னாள். நிழல், எலுமிச்சம்பழம், தாளில் போட்ட கோடு. கடைசியில் வேண்டுதலையும் சொன்னாள்.

"எங்க வீட்டை விட்டுட்டு வேற எங்கயாவது பாருன்னு நான்தான் எலிசா கேட்டேன்."

எலிசா மடித்துக்கொண்டிருந்த சட்டையை மடியில் வைத்தாள். அது ஜோவானாவின் பள்ளிச் சட்டை.

"எனக்கு இந்தப் பேய் பிசாசுலலாம் நம்பிக்கை கெடையாதுக்கா. எங்க வீட்ல ஜெபம் உண்டு. ஆனா வேற எங்கயாவதுன்னு கேக்கும்போ, பக்கத்துல நாங்க இருக்கோம்னு ஒங்களுக்குத் தோணலையா?"

தென்றல் கொண்டுவந்த தாளை நாலாக மடித்தாள்.

"பிள்ளை நாளைக்கு நாலு மணிக்கு ஒங்க வீட்லதானே இருப்பா. அங்கயே வச்சுக்கிடுங்க. எனக்கு ஏழு மணி வர ஷிஃப்ட்" என்று சொல்லிவிட்டு எலிசா மறுபடி துணியை எடுத்தாள்.

திங்கட்கிழமை மூன்று ஐம்பதுக்குப் பஸ் வந்தது. தென்றல் இரண்டு பிள்ளைகளையும் உள்ளே விட்டு, டிவியைப் போட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு பூங்காவுக்கு ஓடினாள். வீடு போனால் போகட்டும், இன்சூரன்ஸ் இருக்கிறது, பிள்ளை பத்திரமாக இருக்கிறாள். ஆனாலும் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

அடைத்த வாயில் அவள் வைத்த பொட்டு ஐந்து நாளாகியும் காயாமல் ஈரமாக இருந்தது. அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். இரும்பு இப்போது காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது.

"என் வீட்டையே பாரு. தெரியாமக் கேட்டுட்டேன். திரும்பி என் வீட்டையே பாரு."

குழாய் அசையவில்லை.

நாலு ஏழு.

அப்போதுதான் எலிசாவின் கார் வந்து நின்றது. பிளந்த டிரைவ்வேயைத் தவிர்த்துப் புல்லில் ஏற்றி நிறுத்தினாள். நேற்று அப்படிப் பேசினவள்தான். ஆனால் இரவெல்லாம் யோசித்திருப்பாள் போலிருக்கிறது. வீட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டு பேப்பரும் வைத்திருக்கிற ஃபைல் போய்விடுமே என்று அரை நாள் லீவு போட்டு ஓடி வந்திருக்கிறாள். இந்த நாட்டில் நம்மவர்கள் யாராக இருந்தாலும் எரிகிற வீட்டுக்குள் முதலில் அந்த ஃபைலுக்காகத்தான் ஓடுவார்கள்.

"உள்ள போகாத எலிசா" என்று தென்றல் கத்தினாள். எலிசா ஏற்கெனவே உள்ளே போய்விட்டிருந்தாள்.

நாலு ஒன்பது.

தென்றல் வீட்டு கராஜ் கதவு மேலே ஏறியது. அம்மாவின் காரைப் பார்த்துவிட்ட ஜோவானா, பட்டனை அமுக்கிவிட்டு வெளியே ஓடி வந்தாள். புல்வெளியைத் தாண்டித் தன் வீட்டு வாசலுக்கு ஓடினாள். படி ஏறினாள்.

அங்கே நின்றுவிட்டாள்.

எண்ணிக்கை அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். பிள்ளை பூங்காவைப் பார்த்துத் திரும்பி, சொல்லிக்கொடுத்தபடியே இரண்டு காதையும் பொத்தி, வாயைத் திறந்தாள்.

"ஜோவானா" என்று தென்றல் அலறினாள். "ஜோவானா, இங்க ஓடி வா."

ஆன்ட்டி ஏதோ சொல்கிறாள் என்று பிள்ளைக்குத் தெரிந்தது. என்னவென்று கேட்கவில்லை.

கேட்பதற்காகக் கையை எடுத்தாள்.

பூங்காவின் புல் ஒரே கோடாக, வகிடு எடுத்த மாதிரி, தெரு வரைக்கும் படுத்தது. தென்றலின் முகத்தில் சூடான மூச்சு ஒன்று மோதிப் போயிற்று. எலிசா வீட்டின் எல்லா ஜன்னல் கண்ணாடியும் ஒரே நேரத்தில் வெள்ளையாகி, பொலபொலவென்று உதிர்ந்தன. அவ்வளவுதான். வீடு நின்றது. சுவரில் ஒரு கீறல் இல்லை. கையில் ஃபைலோடு எலிசா வாசலுக்கு ஓடி வந்தாள், அவளுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஜோவானா படியில் அப்படியே நின்றாள். எலிசா பின்னாலிருந்து அவளைக் கூப்பிட்டாள். இன்னொரு தடவை கூப்பிட்டாள்.

பிள்ளை திரும்பவில்லை. இரண்டு காதிலிருந்தும் மெல்லிதாக ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் குண்டு ஏதாவது வெடித்ததா என்று டாக்டர் கேட்டார். செவிப்பறை இரண்டும் கிழிந்திருக்கின்றன, உள்காதும் போயிருக்கிறது, இனி திரும்பி வருமா என்று சொல்ல முடியாது என்றார். கேஸ் லைன் கசிவு, நில அதிர்ச்சி, என்னென்னவோ காரணம் எழுதினார்கள். எலிசா யாரிடமும் தென்றலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தென்றலுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஒரு வாரம் கழித்து எலிசா ஜோவானாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். லீவு தீர்ந்துவிட்டது, வேலைக்குப் போயாக வேண்டும்.

"சாயங்காலம் பிள்ளை இங்கயே இருக்கட்டும்" என்றாள். அக்கா என்று கூப்பிடவில்லை. "ஒங்க வீட்டைத்தான் அது பாக்காதே."

அதற்கப்புறம் பத்து நாள் நாலு பத்து வந்தது, போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. பீரங்கி எலிசா வீட்டை, பலகை அடித்த ஜன்னல்களை, பார்த்தபடியே நின்றது. தென்றல் ஒரு வாளித் தண்ணீரும் பிரஷும் கொண்டுபோய்ப் பொட்டைத் தேய்த்துப் பார்த்தாள். சந்தனம் போயிற்று, குங்குமம் போகவில்லை. போக்குவரத்து, பனி, ஹாலோவீன் பூசணிக்காய் என்று தெரு தன் பாட்டுக்கு இருந்தது. முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று அவள் நம்ப ஆரம்பித்திருந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் இரண்டு பிள்ளைகளும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தார்கள். நடுவில் ஜோவானாவுக்காக வாங்கிய சின்ன வெள்ளைப் பலகையும் மார்க்கரும். இப்போதெல்லாம் அவளிடம் எதையும் எழுதித்தான் காட்ட வேண்டும். ரக்ஷா மிகப் பொறுமையாக எழுதுவாள்.

ஜோவானா தலையைத் தூக்கினாள். தன் குரல் தனக்கே கேட்காததால் கொஞ்சம் சத்தமாகவே பேசினாள்.

"ஆன்ட்டி, எனக்கு ஒண்ணுமே கேக்கலல்லா. அந்த அங்கிள் மட்டும் கேக்குது."

தென்றல் கையிலிருந்த கரண்டியை வைத்தாள். பலகையை எடுத்து, எண்ணுகிறாரா என்று எழுதினாள்.

"இல்ல. அடுத்து எங்கன்னு கேக்காரு. தினமும் கேக்காரு. ஒங்ககிட்டதான் கேக்கணுமாம். நீங்கதான் எடம் சொல்றவங்களாம்."

தென்றல் சொல்ல மாட்டேன் என்று எழுதினாள்.

ஜோவானா தலையைச் சாய்த்து, யாரோ காதோரம் பேசுவதைக் கவனிப்பது போல் இருந்தாள். அப்புறம் அவள் முகம் கொஞ்சம் கோணியது.

"சொல்லலைன்னா அதே எடந்தானாம். எங்க வீடு. அம்மா இன்னைக்கு லீவு ஆன்ட்டி, தூங்கிட்டு இருக்காங்க."

கடிகாரத்தில் நாலு ஆறு.

தென்றல் போனில் எலிசாவைக் கூப்பிட்டாள். எலிசா போனை அணைத்து வைத்திருந்தாள், லீவு நாளில் தூங்குகிறவள் அப்படித்தான் செய்வாள். ஓடிப்போய்க் கதவைத் தட்டலாம். எத்தனை தட்டினால் எழுவாள்? எழுந்து எவ்வளவு தூரம் ஓடுவாள்? பூங்காவை அடுத்து எதிர் வரிசையில் சுப்பையன் சார் தோட்டத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த வீட்டில் ஸ்ம்ருதி தன் கைக்குழந்தையை வெயிலில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு வீட்டிலும் யாராவது இருந்தார்கள். காலி வீடு ஒன்றுகூட அவள் கண்ணில் படவில்லை.

அவள் பலகையைத் துடைத்துவிட்டு எங்கள் வீடு என்று பெரிதாக எழுதினாள். முதலில் பிள்ளைகளை வெளியே தள்ளிவிடலாம், தான் மட்டும் உள்ளே இருந்துகொள்ளலாம். தான் செய்ததற்குத் தானே இருந்துகொள்ளலாம் என்று நினைத்தபோது மனசு ஒரு நொடி நிம்மதியாகக்கூட இருந்தது.

ஜோவானா வாசித்தாள். கேட்டாள். இல்லை என்று தலையாட்டினாள்.

"எடம் சொல்றவங்க வீடு நம்ம சைடாம் ஆன்ட்டி. நம்ம சைடுல போட மாட்டாராம்."

நாலு எட்டு.

தென்றல் மார்க்கரைப் பிடித்தபடி நின்றாள். வெள்ளைப் பலகையில் ஒரு எழுத்தும் வரவில்லை. பொட்டு வைத்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அந்தக் குரலைக் கேட்காதவள் ரக்ஷா. அவள் இப்போது பென்சிலைக் கீழே வைத்தாள். ஜோவானா சாய்த்த அதே பக்கமாகத் தலையைச் சாய்த்தாள். கொஞ்ச நேரம் கேட்டாள். அப்புறம் அம்மாவின் சட்டை நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்தாள்.

"மாம், ஜஸ்ட் பிக் ஒன்" என்றாள். "ஹி செட் ப்ளீஸ்."